அப்பா தேர்ந்தெடுத்த கப்பல்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் டிசம்பர் பள்ளி விடுமுறையில் நாங்கள் போன சொகுசுக் கப்பலில் அப்பா ஒன்றரை மணி நேரம் காணாமல் போனார்.

பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்பதாவது தளத்துக்கு வர வேண்டியவர் பத்தாவது தளத்தில் மின்தூக்கியைவிட்டு இறங்கிவிட்டார். எல்லாத் தளத்திலும் ஒரே கம்பளம், ஒரே கதவு, ஒரே விளக்கு. எங்கள் அறை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கதவில் அட்டையை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். திறக்கவில்லை. அந்த நீண்ட நடைவழியிலேயே முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தார். "யாரையாவது கேட்டிருக்கலாமே அப்பா" என்றேன். "எல்லாரும் அவசரமா போறாங்க. யாரைப் பிடிச்சு நிறுத்துறது?" என்றார். அதற்குப் பிறகு எஞ்சியிருந்த இரண்டு நாளும் சாப்பாட்டு நேரம் தவிர அவர் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். மரினா பே முனையத்தில் ஏறியதிலிருந்து எல்லாமே சுத்தம், எல்லாமே நேரத்துக்கு. ஆயிரக்கணக்கானோருக்கு மூன்று வேளையும் சூடாகச் சாப்பாடு போடுவது சாதாரண வேலையா? மகளுக்கு நீர்ச்சறுக்கு, எனக்கும் கணவருக்கும் மாலையில் இசை நிகழ்ச்சி. ஆனால், ஐந்து பேராகப் போன நாங்கள் ஐந்து பேராக உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தேறாது. எதற்கு முன்பதிவு, எங்கே வரிசை, எந்த உணவகத்துக்குத் தனிக் கட்டணம் என்ற விவரமெல்லாம் கைப்பேசிச் செயலியில்தான். அப்பா அம்மாவின் கைப்பேசியில் அது சரியாக வேலை செய்யவில்லை. கோப்பி குடிக்கப் போவதென்றாலும் என்னைக் கேட்டுத்தான் போனார்கள். வீடு திரும்பியதும் அம்மா ஒரே ஒரு வரி சொன்னார்: "கப்பல்ல போனோம்னு சொல்றோம். கடலை எங்க பாத்தோம்?"

எங்கள் அறைகளுக்குச் சன்னல் கிடையாது. விலை குறைவு என்று நான்தான் எடுத்திருந்தேன்.

எனக்கு உறுத்தியது வேறு. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் 37 ஆண்டு வேலை பார்த்தவர். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1968-ல் கப்பல் பட்டறையாக மாறியது. அதற்கு ஆறு ஆண்டு கழித்து வெல்டராகச் சேர்ந்தார், ஃபோர்மனாக ஓய்வு பெற்றார். கிங் ஜார்ஜ் டாக்கில் தண்ணீரை வடித்துவிட்டு நிறுத்தியிருக்கும் கப்பல்களின் அடிவயிற்றுக்குக் கீழே நின்று வேலை செய்தவர். எத்தனையோ கப்பல்களுக்குள் போயிருக்கிறார், ஒன்றில்கூடப் பயணம் போனதில்லை. எழுபது வயதில் முதன்முதலாகப் பயணியாக ஏறிய கப்பலில், ஒரு பணியாளர் அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்து எங்களிடம் விட்டுப் போனார். அடுத்த விடுமுறைப் பேச்சு வந்தபோது, "நீங்க போய்ட்டு வாங்க. நானும் அம்மாவும் வீட்டைப் பாத்துக்கிறோம்" என்றார். வீவக நாலறை வீட்டில் பார்த்துக்கொள்ள என்ன இருக்கிறது?

அதனால்தான் சின்னக் கப்பல் தேட ஆரம்பித்தேன்.

சின்னக் கப்பல் என்பதிலும் பல அளவு உண்டு. ஸ்டார் கிளிப்பர் போன்ற நான்கு பாய்மரக் கப்பலில் ஏறக்குறைய 170 பேர் போகலாம். வியட்னாமின் ஹாலோங் விரிகுடாவில் இருபது, முப்பது அறைகள் கொண்ட கப்பல்கள் ஓரிரு இரவு பயணிகளோடு நங்கூரமிட்டு நிற்கும். இவற்றையெல்லாம்விடச் சிறியவை இந்தோனீசியாவில் இருக்கின்றன. பத்து, பன்னிரண்டு பேர் மட்டும் போகும் மரக்கப்பல்கள். அவற்றைப் பினிசி என்கிறார்கள்.

தென் சுலாவேசியின் தானா பேரு, பீரா, ஆரா போன்ற கடலோர ஊர்களில் மணல் மேட்டிலேயே இவற்றைக் கட்டுகிறார்கள். கட்டும் வரிசைதான் விசேஷம். முதலில் விலா எலும்பு போலச் சட்டங்களை நிறுத்தி அதன்மேல் பலகை அடிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இங்கே முதலில் பலகைகளை ஒன்றோடொன்று மர முளைகளால் கோத்து வெளிக்கூட்டைச் செய்துவிடுகிறார்கள். சட்டங்கள் பிறகுதான் உள்ளே போகும். இந்தக் கைத்திறனை யுனெஸ்கோ 2017-ல் மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சரியாகச் சொன்னால் பினிசி என்பது கப்பலின் பெயர்கூட இல்லை. இரண்டு பாய்மரம், ஏழு பாய் கொண்ட அந்தப் பாய் அமைப்பின் பெயர். இன்று பெரும்பாலானவை டீசல் இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. பாய் விரிப்பது அநேகமாகப் படம் எடுக்க.

பினிசி கட்டும் காணொளி ஒன்றை அப்பாவிடம் காட்டினேன். மூன்று முறை பார்த்தார். "சட்டம் இல்லாம இவன் எப்படி வளைவு எடுக்கிறான்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, போய்த்தான் பாப்போமே" என்றார்.

சென்ற ஆண்டு ஜூன் விடுமுறையில் பாலி வழியாக லாபுவான் பாஜோ போய்ச் சேர்ந்தோம். ஃபுளோரஸ் தீவின் மேற்கு முனையில் இருக்கும் துறைமுக ஊர் அது. பாலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். மலேசிய வாசகர்களுக்கு இன்னும் எளிது, கோலாலம்பூரிலிருந்து 2024-ல் ஏர்ஏசியா நேரடிச் சேவை தொடங்கியது. நம் நேரம்தான் அங்கும், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை. கொமோடோ தேசியப் பூங்காவின் தீவுகளுக்குப் போகும் கப்பல்களெல்லாம் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மழை குறைந்த ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஏற்ற காலம். டிசம்பர் தொடங்கிப் பிப்ரவரிவரை காற்றும் அலையும் கூடும். கடல் சரியில்லையென்றால் துறைமுக அதிகாரி புறப்பட அனுமதி தரமாட்டார். அந்த அதிகாரியை அங்கே 'ஷாபந்தர்' என்கிறார்கள். மலாக்கா சுல்தான் காலத்தில் நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள், தென்னிந்திய வணிகர்கள் அவர்களில் ஒருவரின் பொறுப்பில் வந்தார்கள் என்று பள்ளியில் படித்திருப்போம். அதே பெயர், ஏறக்குறைய அதே வேலை.

நான் முன்பதிவு செய்திருந்தது மூன்று அறை கொண்ட ஒரு கப்பலை, குடும்பத்துக்கென்றே தனியாக. வெள்ளைப் பூச்சு, மூன்றடுக்கு, மேல்தளத்தில் மூங்கில் ஊஞ்சல். படங்கள் அவ்வளவு அழகு. பாதிக் கட்டணத்தைச் சிங்கப்பூரிலிருந்தே அனுப்பியிருந்தேன். காலை ஒன்பது மணிக்குப் படகுத்துறையில் பெட்டிகளோடு நின்றோம்.

அப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறவில்லை. முதலில் வெறுங்கையோடு ஏறினார். கீழே இறங்கி அறைகளைப் பார்த்தார். மகளுக்கும் எங்களுக்கும் கீழ்த்தளத்தில் அறை. இறங்க ஒரே ஓர் ஏணிப்படி. "இது அடைபட்டுப் போனா வெளிய வர்றதுக்கு இன்னொரு வழி எங்க?" என்று கேட்டார். ஊழியர் கூரையில் இருந்த ஒரு சதுரமான மூடியைக் காட்டினார். அப்பா மேலே போய் அந்த மூடி எங்கே திறக்கிறது என்று தேடினார். அதன்மேல் நெகிழி நாற்காலிகளை அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்றார். ஒரு பெரிய மரப்பெட்டி, அதில் பூட்டு. சாவி சமையல்காரரிடம். சமையல்காரர் சந்தைக்குப் போயிருந்தார். குழந்தைகள் அளவில் இருக்கிறதா என்று கேட்டதற்கு ஊழியர் சிரித்தார்.

கடைசியாக அப்பா துறைக்கு இறங்கி வந்து கப்பலைப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். "மூணாவது மாடியைப் பின்னாடி கட்டியிருக்கான். மரத்தோட நிறத்தைப் பாரு, வேற வேற" என்றார். எனக்கு ஒரே பழுப்பாகத்தான் தெரிந்தது. "கீழ எடை இல்லாம மேல மேல ஏத்திக்கிட்டே போனா, காத்து ஒரு பக்கமா அடிக்கும்போது சாஞ்சது நேரா வராது. இது வேணாம்மா."

"அப்பா, பாதிப் பணம் கட்டியாச்சு."

"போனா போவுது. பிள்ளை கீழ் அறையில தூங்கப் போறா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு மாதமாக நான் செய்த ஏற்பாடு. ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் பேசினேன். பயணிகள் தாங்களாக ரத்துசெய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்று மரியாதையாகவே சொன்னார். கணவர் அதுவரை வாய் திறக்கவில்லை. அவருக்கும் கோபம்தான். பூட்டிய பெட்டியைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, "மாமா சொல்றது சரி" என்றார்.

பெரிய கப்பலில் புறப்படுமுன் நடந்த பாதுகாப்புப் பயிற்சியின்போது நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறியவர்களில் பலருக்கு அதுவரை பயிற்சியே நடந்திருக்கவில்லை. அப்போதைய விதி ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றது. 2015 முதல் புறப்படுமுன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று மாற்றினார்கள். நாடுவிட்டு நாடு போகும் பெரிய கப்பலில் நமக்காக இப்படி யாரோ எல்லாவற்றையும் யோசித்து வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுக் கடலில் ஓடும் சிறு கப்பலுக்கு அந்தந்த நாட்டு விதிதான். நல்ல கப்பலும் சுமாரான கப்பலும் ஒரே துறையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை அப்பா படகுத்துறை ஓரம் ஒரு கல்லின்மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக உட்கார்ந்திருந்தார். கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து ஒரு கோப்பியோடு போனேன். அவர் கப்பல்களின் பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறும் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கப்பல் என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யுமாம். அடியில் சேரும் தண்ணீரைப் பம்ப் வெளியே தள்ளும். "அதோ அந்தக் கப்பல்ல பம்ப் நிக்கவே இல்ல, ஊத்திக்கிட்டே இருக்கு. இந்தப் பக்கம் பச்சைக் கோடு போட்டிருக்கே, அதுல இவ்வளவு நேரத்துல ரெண்டு தடவைதான். அதுவும் கொஞ்ச நேரம்." பச்சைக் கோடு போட்ட கப்பல் பழையது, இரண்டே அடுக்கு. ஊஞ்சல் இல்லை. கப்பல் தலைவர் மேலிருந்து இந்தக் கிழவரைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார் போல. என்ன வேண்டும் என்று மலாயில் கேட்டார். அப்பாவும் மலாயில் பதில் சொன்னார். இருவரும் உள்ளே போனார்கள். திரும்பி வந்து ஏறுபலகையில் நின்றபடி, விரல் முட்டியால் பலகையைத் தட்டினார். "இது போதும்" என்றார்.

அதில் ஐந்து அறை. இரண்டில் ஏற்கெனவே ஆள் இருந்தது. எங்களுக்கு மூன்று கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். சுராபாயாவைச் சேர்ந்த வயதான தம்பதி, யோக்யாகர்த்தாவிலிருந்து இரண்டு ஆசிரியைகள், நாங்கள் ஐந்து பேர், ஊழியர்கள் ஏழு பேர். தனிக் கப்பலுக்குப் பதிலாக ஊரார் கப்பல். மூன்று பகல், இரண்டு இரவு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கப்பல் எல்லாருக்கும் ஒத்துவராது. பெரிய கப்பல் லேசாக அசையும் அலைக்கு இது தொட்டிலாக ஆடும். முதல் நாள் நண்பகலிலேயே நான் வாந்தி எடுத்தேன். கீழ் அறையில் டீசல் வாடை, சுவர் மெல்லிசு. சுராபாயா தாத்தா குறட்டைவிடுவதை மூன்றாவது அறையில் இருந்தவர்களும் கேட்டார்கள். நன்னீர் தொட்டியில் இருப்பதுதான், அதனால் குளியல் சுருக்கமாக. கைப்பேசிக்குப் பல இடங்களில் சமிக்ஞை இல்லை. தனிமை வேண்டுமென்று வருபவர்களுக்கு நடுத்தரமான ஓர் ஓட்டல் இதைவிட மேல்.

ஆனால் முதல் நாள் பிற்பகலிலேயே ஒன்று தலைகீழாக மாறியதைக் கவனித்தேன். ஊழியர்களுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. எனக்கும் கணவருக்கும் மலாய் வராது. பள்ளியில் நாள்தோறும் மலாயில் தேசிய கீதம் பாடினோம், ஆனால் கொஞ்சம் உப்பு கொடுங்கள் என்று கேட்கத் தெரியாது. அம்மாவோ பக்கத்து வீட்டு மக்சிக்கோடு பேசிப் பேசிச் சந்தை மலாயில் வெளுத்துவாங்குவார். எத்தனை மணிக்குச் சாப்பாடு, நாளை எங்கே, இந்த மீனின் பெயர் என்ன என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் அம்மாவிடம்தான் போய் நின்றோம். "என்னம்மா சொல்றாரு?" என்று மூன்று நாளில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த மலாயிலும் ஒரு வேடிக்கை நடந்தது. மேல்தளத்தைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டு அம்மா, "சாயா மாவ் பூசிங்-பூசிங்" என்றார். நம் ஊர் மலாயில் பூசிங் என்றால் சுற்றிவருவது. இந்தோனீசியாவில் தலைசுற்றல், தலைவலி. இளைஞர் ஒருவர் பதறி ஓடிப்போய் மிஞ்ஞாக் காயு பூத்தே தைலத்தைக் கொண்டுவந்து அம்மாவின் நெற்றியில் தேய்க்கத் தயாராகிவிட்டார். விஷயம் புரிந்ததும் கப்பலே சிரித்தது. அதற்குப் பிறகு அம்மா எங்கே நடந்தாலும் யாராவது "இபு, பூசிங்?" என்று கேட்பார்கள். தைலம் வீணாகவில்லை, எனக்குத் தேவைப்பட்டது.

முதல் நாள் ரிஞ்சா தீவில் கொமோடோ உடும்புகளைப் பார்த்தோம். மூன்று மீட்டர்வரை வளரும் பிராணி. பார்ப்பதற்கு அசைவே இல்லாமல் மரக்கட்டைபோல் கிடக்கிறது. கவைக்கோல் பிடித்த வனக்காவலர் இல்லாமல் ஓர் அடி நகர விடமாட்டார்கள். குட்டிகள் முதல் சில ஆண்டுகளை மரத்தின்மேலேயே கழிக்குமாம். கீழே இருந்தால் பெரியவை தின்றுவிடும். அம்மா இதை மொழிபெயர்த்துவிட்டு, "பெத்ததேவா திங்கும்?" என்று காவலரிடம் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டார். மாலையில் காலோங் என்ற சதுப்புநிலத் தீவின் அருகே நங்கூரம் போட்டார்கள். சூரியன் மறைந்ததும் பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பின. கால் மணி நேரத்துக்கும் மேலாக வானத்தில் ஒரு கறுப்பு ஆறு ஓடியது. சத்தமே இல்லை.

அன்று இரவுதான் எனக்கு இந்தப் பயணத்தில் மறக்க முடியாதது.

சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். போவதற்கு வேறு இடமும் இல்லை. தெற்கே தென்சிலுவை விண்மீன்கள் தெளிவாகத் தெரிந்தன. ஈசூனில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து ஒரு நாளும் பார்த்ததில்லை. மகள் கேட்டாள்: "தாத்தா, அந்த ஊஞ்சல் போட்டை ஏன் வேணாம்னு சொன்னீங்க?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினார். 1978 அக்டோபர் 12. ஜூரோங்கில் ஒரு பட்டறையில் ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுதுபார்க்க நின்றிருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். தொட்டியில் தங்கியிருந்த எரிவாயு, வெட்டும் விளக்கின் தீயில் பற்றி வெடித்தது. 76 பேர் இறந்தார்கள். "அந்த நேரத்துல நான் செம்பவாங்ல வேற ஒரு கப்பலோட டேங்குக்குள்ள இதே வேலைதான் செஞ்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு இருபத்து நாலு வயசு. வெளிய வந்த பிறகுதான் சொன்னாங்க."

"மறுநாள் வேலைக்குப் போனீங்களா?" என்று கணவர் கேட்டார்.

"போகாம? சம்பளம் யாரு தருவா? அன்னைக்குக் காலையில எங்கப்பா பஸ் ஸ்டாப் வரைக்கும் என்கூட நடந்து வந்தாரு. ஒண்ணும் பேசல. பஸ் வந்ததும் திரும்பிப் போயிட்டாரு. அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, அதுக்கு அப்புறமும் வந்ததில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அதுலேருந்து நானா ஒரு தடவை பாக்காம எந்த டேங்குக்குள்ளயும் இறங்குனதில்ல. சூப்பர்வைசர் திட்டுவான். திட்டிட்டுப் போறான்."

அவர் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. முப்பத்தாறு ஆண்டு அவர் மகளாக இருந்திருக்கிறேன், அதில் பெரும்பகுதி ஒரே வீட்டில். அம்மாவைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. சுராபாயா பாட்டி என்ன கதை என்று அம்மாவிடம் கேட்க, அம்மா தணிந்த குரலில் மலாயில் அதை மறுபடி சொன்னார். கப்பல் தலைவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இரவு முழுக்க யார் விழித்திருக்கப் போகிறார்கள் என்பதை அவரே அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிவரை ஒருவர், அதற்குப் பின் ஒருவர். சின்னக் கப்பலில் ஏறுபவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று. எல்லாரும் தூங்கும்போது விழித்திருப்பவர் யார்?

மறுநாள் விடியலில் பாடார் தீவு. எண்ணூறுக்கும் மேற்பட்ட படிகள் என்கிறார்கள். பத்துமலையின் 272 படிகளை மூன்று முறை ஏறுவதுபோல. அப்பாவின் முட்டிவலிக்கு அது ஆகாது, கப்பலிலேயே இருந்துகொண்டார். உச்சியிலிருந்து மூன்று விரிகுடாக்களும் ஒரே பார்வையில் தெரியும், ஒவ்வொன்றின் மணலும் ஒரு நிறம். எல்லாரும் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மகள் மட்டும் கீழே நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் எங்களுடையதைத் தேடினாள். பச்சைக் கோட்டை வைத்துக் கண்டுபிடித்தாள். "தாத்தா பனியனோட நிக்கிறாரு!" என்று கத்தினாள். அவ்வளவு உயரத்திலிருந்து தெரிந்ததோ இல்லையோ, கை அசைத்தாள். இறங்கி வந்து பார்த்தபோது தாத்தா மேல்தளத்தில் இல்லை. இயந்திர அறையில் இருந்தார். கையெல்லாம் எண்ணெய். ஊழியரோடு சேர்ந்து பம்பின் ஏதோ ஒரு வளையத்தை மாற்றிக்கொண்டிருந்தார். மூன்று நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்தது அப்போதுதான்.

பாடாருக்கும் கொமோடோவுக்கும் நடுவே லிந்தா நீரிணை. பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே தண்ணீர் மாறிப் பாயும் வழியில் இருப்பதால் இங்கெல்லாம் நீரோட்டம் கடுமை. ஆற்றில் பார்ப்பதுபோல் கடல்மேல் சுழிகள் தெரிந்தன. அந்த ஓட்டம் கொண்டுவரும் உணவுதான் இந்தக் கடலில் இத்தனை பவளம், இத்தனை மீன். அதே ஓட்டம்தான் ஆபத்தும். கொமோடோவின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் கொஞ்ச நேரம் இருந்தோம். சிவப்பு ஓடு கொண்ட நுண்ணுயிரிகள் உடைந்து வெண்மணலோடு கலந்ததால் வந்த நிறமாம். படங்களில் வருவதுபோல் ரோஜா நிறமெல்லாம் இல்லை, ஈரமணலில்தான் தெரிகிறது.

பிற்பகல் மந்தா திருக்கைகளைப் பார்க்கப் போவதாகத் திட்டம். காற்று எழுந்தது. கப்பல் தலைவர் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, போகவில்லை என்றார். ஆசிரியைகளுக்கு ஏமாற்றம். இதற்காகத்தான் வந்தோம் என்று வாதாடினார்கள். எனக்கும் உள்ளுக்குள் அதே எண்ணம். அப்பா எங்கள் பக்கம் திரும்பி, "வேணாம்னு சொல்ற ஆளுதான் வேணும்" என்றார். ஒரு சின்ன வளைகுடாவில் ஒதுங்கினோம். என் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்த அம்மா, சமையல்காரரைத் தள்ளிவிட்டு அடுப்படிக்குள் போனார். புளி, பூண்டு, மிளகு எல்லாம் அங்கேயே இருந்தது. அந்தக் கப்பலில் இருந்த பதினாறு பேரும் அன்று இரவு ரசம் குடித்தோம். சமையல்காரர் இரண்டு குவளை.

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் கப்பல் தலைவரே கதவுகளைத் தட்டினார். காற்று அடங்கியிருந்தது, நீரோட்டமும் நின்றிருந்தது. காராங் மக்காசாரில் நானும் மகளும் கைகோத்தபடி தண்ணீரில் இறங்கினோம். மந்தா ஒன்று கீழே கடந்து போனது. கணவர் கைகளை விரித்து நின்றால் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு அகலம். இறக்கையை ஒருமுறைதான் அசைத்தது. பின்னால் இன்னும் இரண்டு. மேலே ஏறியதும் மகள் நடுங்கிக்கொண்டே முதலில் ஓடியது தாத்தாவிடம்தான்.

நண்பகலில் லாபுவான் பாஜோ திரும்பினோம். அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயில் மீதி இருந்த பாதிப் புட்டியைச் சமையல்காரரிடம் கொடுத்தார். அப்பா சட்டைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன டார்ச் விளக்கை இயந்திர அறை ஊழியரிடம் விட்டுவிட்டார். ஏறுபலகையில் இறங்கும்போது பக்கவாட்டுப் பலகையை விரல் முட்டியால் இன்னொரு முறை தட்டினார்.

ஊஞ்சல் கப்பலும் துறையில் நின்றது. வேறொரு குடும்பம் அதில் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா அவர்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய் அந்தக் குடும்பத் தலைவரிடம் மலாயில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "அந்த நாற்காலியை எடுக்கச் சொல்லுங்கன்னு சொன்னேன்" என்றார். நாங்கள் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். மூடிமேல் இருந்த நாற்காலிகளை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

முன்பணம் திரும்ப வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். அப்பா மட்டும் மாதம் ஒருமுறை, "அந்தக் காசு என்னாச்சு?" என்று விசாரிக்கிறார். போன வாரம் அதைக் கேட்டுவிட்டு, தானா பேருவுக்கு எப்படிப் போவது என்றும் கேட்டார்.